ரேடியேட்டரா, வேறு கோளாறா: பழைய வேகக் கார்களுக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பெங்களூரில் கார் பாகங்கள் விற்கும் ஜே.சி. ரோட்டில் போய் "அண்ணா, விடெக் ரேடியேட்டர் இருக்கா?" என்று கேட்பதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கார் சூடாவது நிற்கும்போதா, ஓடும்போதா? பெங்களூரில் பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக், பாலியோ 1.6, ஐகான் 1.6, லான்சர், ஆக்டேவியா வி ஆர் எஸ் என்று ஆசையாக வைத்திருப்பவர்களில் பலர் இதை யோசிக்காமல் நேராகக் கடைக்குப் போகிறார்கள். புது ரேடியேட்டர் வந்துவிடும், சூடு மட்டும் அப்படியே இருக்கும். அல்லது உண்மையிலேயே ரேடியேட்டர்தான் போயிருக்கும், ஆனால் வாங்கி வந்தது காருக்குள் உட்காராது. முதலில் அறிகுறி, அப்புறம் கடை என்ற வரிசையில் போனால் இரண்டு செலவும் மிச்சம்.

தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மேல் ஹோஸைக் கையால் பிடித்து அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும், அதுவரை பொறுங்கள். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் தானாகச் சுழல ஆரம்பிக்கும், விரலை உள்ளே விடாதீர்கள்.

டாஷ்போர்டு முள்ளை முழுக்க நம்பவும் வேண்டாம். ஆக்டேவியா போன்ற கார்களில் முள் நடுவில் ஒட்டிக்கொண்டே இருக்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். அது நகர ஆரம்பிக்கும்போது உள்ளே வெப்பம் ஏற்கெனவே எங்கேயோ போயிருக்கும். துப்பாக்கி மாதிரி பிடித்து அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று கையில் இருந்தால் கீழே சொல்லும் பாதி வேலை சுலபம்.

சிக்னலில் முள் ஏறுகிறது, வண்டி ஓட ஆரம்பித்தால் இறங்குகிறது

சில்க் போர்டில் அரை மணி நேரம் நின்றால் ஏறி, ஹெப்பாள் மேம்பாலத்தில் வேகம் பிடித்ததும் இறங்கினால், ரேடியேட்டர் பெரும்பாலும் நல்லபடியாகத்தான் இருக்கிறது. காற்று போதவில்லை, அவ்வளவுதான். ஓடும்போது காற்று தானாக வருகிறது, நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும்.

ஏசியைப் போடுங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. ஏசி போட்டால் சுற்றுகிறது, எஞ்சின் சூடானால் மட்டும் சுற்றவில்லை என்றால் சந்தேகம் வெப்ப சுவிட்ச் மீதும் அதன் ஒயர் மீதும். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் அந்த சுவிட்ச் ரேடியேட்டரிலேயே திருகப்பட்டிருக்கும். எந்த வெப்பத்தில் போடும், எதில் அணைக்கும் என்பது அதன் பித்தளை உடம்பிலேயே அடித்திருக்கும். ஹோண்டாவில் அது எஞ்சின் பக்கம் இருக்கும். கனெக்டரைக் கழற்றி இரண்டு முனையையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்துப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச் போய்விட்டது. சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, கடைசியாக மோட்டார் என்று பின்னால் போக வேண்டும்.

ஃபேன் சுற்றியும் சூடு ஏறுகிறதா? இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. வெளியே ரிப்பேர் செய்த மோட்டாரில் ஒயர் மாறியிருந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். பின்னாலிருந்து முன்னால் காற்றைத் தள்ளும். பார்த்தால் தெரியாது. ஒரு செய்தித்தாள் துண்டைக் கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்து உங்கள் மேல் வந்தால் ஒயரை மாற்றிப் போடுங்கள். ஒரு ரூபாய் செலவில்லை.

அப்புறம் ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு. முன்பக்கம் ஒருமுறை இடித்து டிங்கரிங் ஆன கார்களில் அந்தக் கூடோ, ஓரத்து ஃபோம் பட்டையோ, அடித்தட்டோ திரும்ப வந்திருக்காது. அவை இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்து இடுக்கிலிருந்து சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும்.

கடைசியாக, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர் மழைமரம் கொட்டும் பொடி இலைகள், பஞ்சு, தூசி எல்லாம் சேர்ந்து அங்கே கம்பளி மாதிரி படிந்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண குழாய் அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் கன்னை நேராகக் காட்டினால் ஃபின்கள் (குழாய்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய தகடுகள்) படுத்துவிடும்.

ஊருக்குள் சரி, ஹைவே ஏற்றத்தில் சூடு

ரேடியேட்டர் போனதற்கான உண்மையான அறிகுறி இதுதான். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றம், கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரி ஏற்றம், வார இறுதியில் நந்தி மலை. எஞ்சின் முழு பலத்தோடு இழுக்கும் இடங்கள் இவை. காற்று தாராளமாக வருகிறது, ஆனாலும் முள் ஏறுகிறது என்றால் வெப்பம் தண்ணீரிலிருந்து காற்றுக்குப் போகவில்லை, அல்லது தண்ணீரே சுற்றவில்லை.

எஞ்சினைச் சூடாக்கி, ஃபேன் ஒருமுறை சுற்றி நின்ற பிறகு, எஞ்சின் பக்கமிருந்து கோர் (குழாய்களும் ஃபின்களும் சேர்ந்த நடுப்பகுதி) முழுவதும் தெர்மாமீட்டரை ஓட்டுங்கள். தண்ணீர் உள்ளே வரும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை வெப்பம் சீராகக் குறைந்துகொண்டு வர வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ச்சி தெரிந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன. பெங்களூரில் இதற்கு முக்கியக் காரணம் போர்வெல் தண்ணீர். முன்னால் வைத்திருந்தவர் கூலன்ட் தீர்ந்தபோதெல்லாம் வீட்டுக் குழாயிலிருந்து ஊற்றியிருப்பார். உள்ளே வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். இன்னொரு காரணம் மஞ்சள்தூள். ஒழுகலை நிறுத்த லாரிக்காரர்கள் போடும் பழைய வைத்தியம், வழியில் மாட்டிக்கொண்டால் வீடு சேர உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஒழுகும் ஓட்டையை அடைக்கும் அதே தூள் நல்ல குழாயையும், காருக்குள் சூடான காற்று தரும் குட்டி ரேடியேட்டரான ஹீட்டர் கோரையும் அடைக்கும். கடையில் விற்கும் லீக் நிறுத்தும் திரவங்களும் பெரும்பாலும் இதே கதைதான்.

ஃபின்களை விரல் நகத்தால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். கீழ்ப்பகுதியில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடிந்து உதிர்ந்தால், குழாய் நன்றாக இருந்தாலும் பயனில்லை. ஃபின் குழாயோடு ஒட்டியிருந்தால்தான் வெப்பம் போகும்.

கோர் முழுவதும் சீராக இருக்கிறது, ஆனாலும் சூடு என்றால் ரேடியேட்டரை விட்டு நகருங்கள். ஒருவரை ஆக்சிலரேட்டரை 3000 ஆர்.பி.எம்.மில் பிடிக்கச் சொல்லிவிட்டு கீழ் ஹோஸைப் பாருங்கள். அது பம்ப் உறிஞ்சும் பக்கம். உள்ளிருக்கும் கம்பிச் சுருள் துருப்பிடித்துப் போயிருந்தாலோ ரப்பர் தளர்ந்திருந்தாலோ ஹோஸ் சப்பிக்கொள்ளும், தண்ணீர் நின்றுபோகும். ஐடிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதனால்தான் ஊருக்குள் தொந்தரவில்லை. ஆக்டேவியாவின் 1.8 டர்போ எஞ்சினில் பழைய வாட்டர் பம்புகளுக்குப் பிளாஸ்டிக் இறக்கை. அது விரிசல் விட்டு ஷாஃப்டின் மேல் வழுக்கும். டைமிங் பெல்ட் மாற்றும்போது உலோக இறக்கை உள்ள பம்பைப் போட்டுவிடுவது நல்லது.

தண்ணீர் குறைகிறது, ஒழுகல் எங்கும் தெரியவில்லை

முதலில் மூடி. குக்கர் வெயிட் மாதிரிதான் அது வேலை செய்கிறது: அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். 0.9 பார் மூடி ஒழுங்காகப் பிடித்தால் வெறும் தண்ணீரே சுமார் 117 டிகிரி வரை தாங்கும். கூலன்ட் கலந்தால் இன்னும் கொஞ்சம் மேலே போகும். ரப்பர் வளையம் காய்ந்த மூடி என்றால் இந்த இருபது டிகிரி பாதுகாப்பும் போச்சு. சென்னையில் சமாளித்த கார் இங்கே கொதிப்பதற்கு இது ஒரு காரணம்.

காலையில் போனட்டைத் திறந்தால் மேல் ஹோஸ் சப்பிப்போய் இருக்கிறதா? மூடியின் நடுவிலுள்ள சின்ன வால்வு திரும்ப உறிஞ்ச விடவில்லை. மூடியை மாற்றுங்கள், வேறெதையும் தொட வேண்டாம். அழுத்தம் எவ்வளவு என்று மூடியின் தலையிலேயே அச்சிட்டிருக்கும்: ஜப்பானியக் கார்களில் பொதுவாக 0.9 அல்லது 1.1. "கொஞ்சம் அதிகமா போட்டா இன்னும் நல்லதுதானே" என்று பெரிய எண்ணுக்குத் தாவாதீர்கள். ரேடியேட்டரின் இருபது வயதுப் பிளாஸ்டிக் டேங்க் அதைத் தாங்காது.

மூடி சரியென்றால் பிரஷர் டெஸ்ட். குளிர்ந்த எஞ்சினில், மூடி இருந்த இடத்தில் கைப்பம்பை மாட்டி மூடியின் அழுத்தம் வரை ஏற்றிக் கால் மணி நேரம் விட வேண்டும். முள் இறங்கினால் எங்கோ போகிறது. பிளாஸ்டிக் டேங்கும் அலுமினிய கோரும் சேரும் மடிப்பு ஓரத்தில் காய்ந்த கூலன்டின் வெள்ளைக் கறையோ, ரோஸ் கறையோ தெரிகிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது விரிந்து அடைத்துக்கொண்டு, குளிர்ந்ததும் கசியும் இடம் அது. அதனால்தான் ஓடும்போது கண்ணில் படாது. முன் சீட்டுப் பக்கத்துக் கார்ப்பெட் ஈரமாகி, கண்ணாடியில் இனிப்பு வாசனையோடு ஆவி படிந்தால் ஹீட்டர் கோர்.

இதெல்லாம் இல்லை, ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறது, உபரித் தண்ணீர் சேரும் பிளாஸ்டிக் டப்பாவில் குமிழ் வந்துகொண்டே இருக்கிறது என்றால், எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. நீலத் திரவம் வைத்த குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் கிட் நல்ல ஒர்க்‌ஷாப்களில் உண்டு. எரிந்த வாயு தண்ணீரில் வந்தால் நீலம் மஞ்சளாகும். அந்த நிலையில் புது ரேடியேட்டர் வாங்குவது காசுக்குக் கேடு.

திறந்தால் பழுப்புச் சேறு

வகை மாற்றிக் கூலன்ட் ஊற்றியதன் பலன் பெரும்பாலும் இதுதான். ரோஸ் நிற ஜி12 கூலன்ட் இருந்த ஆக்டேவியாவில் யாரோ பச்சையை ஊற்றியிருப்பார்கள். பலமுறை அலசி, ஒரே வகையை நிரப்பினால் பல நேரம் மீளும். பால் கலந்த காப்பி நிறத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் விஷயம் வேறு. ஆட்டோமேட்டிக் காரா? அவற்றில் பலவற்றில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் டேங்குக்குள்ளேயே ஓடுகிறது. அது பொத்தால் ரேடியேட்டரோடு கியர்பாக்ஸும் கெடும். வண்டியை அங்கேயே நிறுத்தி டோ செய்யுங்கள். எஞ்சின் ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசான வெண் பிசுக்கு என்றால் பயப்பட வேண்டாம்; டிசம்பர் குளிரில் பக்கத்துத் தெரு வரை மட்டும் ஓட்டும் கார்களில் அது வரும். டிப்ஸ்டிக்கில் அந்தப் பிசுக்கு இல்லையா என்று மட்டும் பாருங்கள்.

டேங்கில் விரிசல், ஹோஸ் மாட்டும் மூக்கு உடைந்தது

யோசிக்க ஒன்றுமில்லை, மாற்ற வேண்டும். கறுப்பாக இருந்த பிளாஸ்டிக் பழுப்பாக மாறி, நகத்தால் கீறினால் தூளாக வந்தால் உடையும் வரை காத்திருக்கவும் வேண்டாம். எபாக்ஸி பூசி ஒட்டியது வீடு வரைக்கும்தான்.

கடையில் கொடுத்தது காரில் உட்காரவில்லை

இனிதான் உண்மையான வேலை. கடைக்காரரிடம் கார் பெயரைச் சொன்னால் அவர் பெயருக்கு ஒன்றைக் கொடுப்பார். ஆனால் ரேடியேட்டர் கார் பெயருக்குச் செய்யப்படுவதில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், ஏசி, தயாரித்த ஆண்டு நான்கும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. பாலியோவில் 1.2, 1.6, 1.9 டீசல். ஐகானில் 1.3, 1.6, 1.8 டீசல். லான்சரில் 1.5 பெட்ரோல், 2.0 டீசல், பின்னால் வந்த 1.8 ஆட்டோமேட்டிக். தெருவில் அதிகம் ஓடியது சின்ன எஞ்சினும் டீசலும் என்பதால் கடையில் இருப்பதும் அதற்கானதுதான். பெரிய பெட்ரோல் எஞ்சினுக்குச் சின்ன கோரைக் கொடுத்துவிட்டு "எல்லாத்துக்கும் இதான் சார் போடறாங்க" என்பார்கள். ஊருக்குள் ஓட்டும் வரை அது பொய்யாகவும் தெரியாது. தொப்பூரில்தான் தெரியும்.

ஆண்டும் ஏமாற்றும். முதல் சிட்டி இந்தியாவுக்கு 1998இல் வந்தது, விடெக் 2000இல். 2003இல் உருவமே மாறி, வேறு எஞ்சினோடு அடுத்த சிட்டி வந்துவிட்டது. ஆர்.சி.யில் 2003 என்று இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பதிவுத் தேதியைப் பார்க்காமல் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். வெளிநாட்டுப் பட்டியலில் பெயரைத் தேடுவது இன்னொரு பொறி. ஐரோப்பாவின் ஆக்டேவியா ஆர் எஸ் 180 குதிரைத்திறன். 2004இல் இங்கே வி ஆர் எஸ் என்று வந்தது 150. எஞ்சின் குறியீட்டையும் சேசிஸ் எண்ணையும் வைத்துத் தேடினால்தான் சரியான பார்ட் நம்பர் வரும்.

அந்த பார்ட் நம்பர்தான் உங்கள் பிடி. ஹோண்டா ரேடியேட்டர் எண் 19010 என்று தொடங்கும், சுசூகி 17700, ஹூண்டாய் 25310; ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா குடும்பத்தில் எண்ணின் நடுவில் 121 253 என்று வரும். தொடக்கம் ரேடியேட்டர் என்று மட்டும்தான் சொல்கிறது. அடுத்து வரும் எழுத்தும் எண்ணும்தான் எந்த எஞ்சின், எந்த மாடல் என்று சொல்லும். ஆகவே முழு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கிலும் ஒரு எண் அச்சாகியிருக்கும். அது பெரும்பாலும் டென்சோ, வேலியோ போன்ற தயாரிப்பாளரின் சொந்த எண், கார் கம்பெனி எண்ணோடு பொருந்தாது. இரண்டும் வேண்டும். பக்கத்திலேயே வட்டமாக ஒரு குட்டி முத்திரை, நடுவில் அம்புக்குறி, சுற்றி 1 முதல் 12 வரை எண்கள் இருந்தால் அது டேங்க் வார்த்த மாதமும் ஆண்டும். உங்கள் காரைவிட அது பல வருடம் இளையது என்றால், இப்போது கழற்றுவதே ஒரிஜினல் இல்லை. அதை மாதிரியாக வைத்து வாங்கினால் முந்தையவரின் தவறு உங்களிடம் தொடரும். காருக்கும் முத்திரைக்கும் ஆண்டு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டும்.

அளவு எடுப்பதிலும் ஒரு சிக்கல். கடையில் டேப்பை நீட்டும்போது ஒரு டேங்கின் வெளி ஓரத்திலிருந்து மறு டேங்கின் வெளி ஓரம் வரை பிடிப்பார்கள். பட்டியல்களில் எழுதியிருப்பது கோரின் அளவு, அதாவது ஃபின் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை. இரண்டையும் கலந்தால் எட்டு, பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் வந்து நிற்கும். உயரம், அகலம் இரண்டையும் ஃபின்னில் அளங்கள். தடிமனுக்கு டேப் உதவாது. வெர்னியர் வேண்டும், இல்லாவிட்டால் கோரின் இரு பக்கமும் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியும் இரண்டில் ஒன்று 16 மி.மீ., மற்றது 26 மி.மீ. இருக்கும். வேகக் காருக்கும் சாதா காருக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் அந்தப் பத்து மில்லிமீட்டர்தான்.

அப்புறம் ஹோஸ் மூக்குகள் எந்தப் பக்கம், வெளி விட்டம் எவ்வளவு. அடியில் ரப்பர் புஷ்ஷில் உட்காரும் இரண்டு முளைகளுக்கு நடுவே எவ்வளவு. ஃபேன் கூட்டைத் திருகும் காதுகள், கண்டென்சரைத் தாங்கும் கொக்கிகள், ஓவர்ஃப்ளோ குழாய் முனை, வடிகால் திருகு. ஐரோப்பியக் காராக இருந்தால் வெப்ப சுவிட்ச் திருகும் துளை உண்டா, மரை 22 மி.மீ. தானா, 1.5 பிட்ச் தானா என்றும் பாருங்கள். துளையே இல்லாத ரேடியேட்டரை மாட்டிவிட்டு ஃபேனை நேரடி ஸ்விட்சில் இழுத்துவிட்டிருக்கும் கார்களை நிறையப் பார்க்கலாம். ஓட்டுபவர் ஒரு நாள் ஸ்விட்சைப் போட மறந்தால் ஹெட் போய்விடும். தொண்ணூறுகளின் ஹோண்டா சிவிக்குகளில் ரேடியேட்டர் முன்பக்கத்தின் பாதி அகலம்தான், பக்கத்தில் கண்டென்சர். அதைப் பார்த்து "யாரோ சின்னதை மாட்டிட்டாங்க" என்று முழு அகலத்தைத் தேடி அலைய வேண்டாம், கம்பெனியே அப்படித்தான் கொடுத்தது.

ஆட்டோமேட்டிக் ரேடியேட்டர் மேனுவல் காரில் உட்கார்ந்தால் போடலாம், அந்த இரண்டு ஆயில் துளைகளை மூடிவிட்டால் போதும். மேனுவல் ரேடியேட்டரை ஆட்டோமேட்டிக் காரில் போடவே கூடாது.

முடிந்தால் பழையதைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டே போங்கள். கவுன்டரில் இரண்டையும் முதுகோடு முதுகாக நிறுத்தி, முளைகளும் மூக்குகளும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். "திருப்பி எடுத்துக்குவீங்களா?" என்பதையும் பில் போடுமுன் கேளுங்கள், ஒருமுறை தண்ணீர் ஊற்றியதை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

எங்கு தேடியும் இல்லை

புதிதாக இல்லையென்றால் மூன்று வழி. பழைய பாகங்கள் விற்கும் சிவாஜிநகர் குஜ்ரியில் உடைத்த காரின் ரேடியேட்டர் கிடைக்கலாம். "பாய், பிரஷர் போட்டுக் காட்டுங்க" என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆனால் உங்களுடையதற்கு வயதானது போலவே அதன் பிளாஸ்டிக்குக்கும் வயதாகியிருக்கும். மாதிரிக்கும், மூக்கு நல்லபடியாக உள்ள டேங்குக்கும் அதை வாங்குவேன், நேராக மாட்ட மாட்டேன்.

எனக்குப் பிடித்தது கோர் மாற்றுவது. கான்டெசா காலத்துச் செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் டேங்கைச் சூடு காட்டிப் பிரித்து, குழாய்க்குள் கம்பி விட்டு உப்பைக் குத்தி எடுத்து, திரும்பச் சால்டர் வைத்துவிடலாம். தெரிந்த கை செய்தால் பல வருடம் உழைக்கும். பிளாஸ்டிக் டேங்க் வகையில் ஓரத்து மடிப்புகளைத் திறந்து, அதே அளவுப் புது அலுமினிய கோரைப் புது ரப்பர் வளையத்தோடு வைத்து மடிக்க வேண்டும். ஒரு மடிப்பை இரண்டு முறைக்கு மேல் திறந்து மூடினால் அலுமினியம் முறியும், ஆகவே முன்பே ஒருமுறை ரிப்பேர் ஆனதா என்று பாருங்கள். உங்கள் டேங்க், உங்கள் மூக்கு, உங்கள் முளைகள் அப்படியே இருப்பதால் உட்காருமா என்ற கேள்வியே கிடையாது. கோரின் தடிமனைக் குறைத்துப் போட்டுவிடுவார்கள், அதை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, முழு அலுமினியத்தில் வெல்டு செய்தது. டிராக் நாளுக்கு ஓட்டுபவருக்கு நல்லது. மற்றவர்களுக்கு அதன் தடிமனே தொல்லை: ஃபேன் எஞ்சினில் இடிக்கும், கூட்டைக் கழற்றச் சொல்வார்கள், கூடு போனால் சில்க் போர்டில் முதல் அறிகுறிக்கே திரும்ப வந்து நிற்பீர்கள்.

மாட்டியாயிற்று, இன்னும் சூடு

பெரும்பாலும் காற்று அடைப்பு. முன்பக்கத்தை ஒரு சரிவில் உயர்த்தி நிறுத்துங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள் (பெங்களூரில் பலர் அந்தக் குமிழைத் தொட்டதே இல்லை, அது இறுகிப் போயிருக்கிறதா என்றும் தெரிந்துவிடும்), எஞ்சினில் காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் குமிழில்லாமல் தண்ணீர் வரும் வரை திறந்து மூடுங்கள். மூடியில்லாமல் ஐடிலில் விட்டு, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை நிரப்பிக்கொண்டே இருங்கள். எஞ்சின் சூடு, ஆனால் ஹீட்டரில் குளிர்ந்த காற்று என்றால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது.

எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு அது வேணாம்ணே, கழட்டிட்டேன்" என்று பதில் வரலாம். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே குறுக்கு வழியையும் மூடுகிறது. அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். ஏற்றத்தில் சூடாகும், காலையில் சூடே ஏறாது, பெட்ரோல் குடிக்கும். புதிது போட்டால் அதன் குட்டி ஆடும் ஊசி மேல்பக்கமாக இருக்க வேண்டும்.

புது ரேடியேட்டரின் வாய் ஆழம் பழையதிலிருந்து மாறினால் பழைய மூடியின் ஸ்பிரிங் அடி வரை அழுத்தாது. சூடு சாதாரணமாக இருந்தும் டப்பா நிரம்பி வழியும். மூடியையும் சேர்த்தே வாங்குங்கள். ஏசி முன்பு போல் குளிரவில்லை என்றால் கண்டென்சர் கொக்கி பொருந்தாமல் இடைவெளி விட்டு நிற்கிறது.

புதியது சில மாதத்தில் பொத்துப் போகிறது

ஒருமுறை நடந்தால் மட்டமான சரக்கு. இரண்டாவது முறையும் அதே மாதிரி ஊசித் துளைகள் வந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, லைட், ஃபேன், ஏசி எல்லாவற்றையும் போட்டு, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்டுக்குள் தொடுங்கள். மூடி திறந்திருக்க வேண்டும் என்பதால் இதைக் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனேயே செய்யுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைவிட மேலே காட்டினால் எர்த் ஒயர் சரியில்லை. மின்சாரம் கூலன்ட் வழியாகப் போய் அலுமினியத்தை அரிக்கிறது. பழைய வேகக் கார்களில் ஆம்ப்ளிஃபயர், கூடுதல் விளக்கு, ஹார்ன் என்று ஏற்றியதெல்லாம் எங்கே எர்த் எடுத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்; எதை அணைத்ததும் எண் இறங்குகிறதோ அதன் எர்த்தை மாற்றுங்கள். எதற்கும் இறங்கவில்லை என்றால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள பின்னல் பட்டையைக் கழற்றி, அடியிலுள்ள துருவை எமரி தாளால் தேய்த்துவிட்டு, மாட்டியபின் இன்னொரு முறை அளங்கள். அடுத்த ரேடியேட்டரை அதற்குப் பிறகு வாங்கலாம். நிரப்புவதற்கு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. வடித்த பழைய கூலன்டைத் தட்டில் திறந்து வைக்க வேண்டாம், இனிப்பாக இருப்பதால் தெரு நாய் குடித்துவிடும், அது விஷம்.